பாதுகாப்பு அதிகாரி யாருக்குப் பாதுகாப்பு?

நாட்டில் எங்கு திரும்பினாலும் அடுக்குமாடிகள் எழும்புகின்றன. அவற்றின் சாரத்தில் நின்று உழைப்பவர்கள் யார்? தோட்டம் துண்டாடப்பட்டு நகரத்துக்குத் தள்ளப்பட்ட நம்மவர்கள். கடன் வாங்கி இங்கு வந்து சேர்ந்த வங்காளதேச, இந்தோனேசிய, மியன்மார் தொழிலாளர்கள். காலையில் வேலைக்குப் போனவர் மாலையில் முழு உடம்போடு வீடு திரும்ப வேண்டும். தொழிலாளி கேட்பது இவ்வளவுதான். இதற்காகவே சட்டம் ஓர் ஆளை நியமிக்கச் சொல்கிறது. அவர்தான் பாதுகாப்பு, சுகாதார அதிகாரி.

1994ஆம் ஆண்டு தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமும் 1997ஆம் ஆண்டு ஆணையும் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. 2 கோடி வெள்ளிக்கு மேற்பட்ட ஒப்பந்தம் கொண்ட கட்டுமானத் தளத்தில் இந்த அதிகாரி கட்டாயம் இருக்க வேண்டும். தளத்தைச் சோதிப்பது, விபத்தையும் மயிரிழையில் தப்பிய சம்பவத்தையும் விசாரிப்பது, மாதந்தோறும் முதலாளிக்கு அறிக்கை கொடுப்பது ஆகியவை அவர் கடமை. சட்டத்தின் 29ஆம் பிரிவுப்படி அவர் இந்த வேலைக்கு மட்டுமே அமர்த்தப்பட வேண்டும். அவரைக் கிடங்குக்குக் கணக்குப் பார்க்கவும் பெர்மிட்டுக்கு அலையவும் விடுவது சட்டத்துக்குப் புறம்பானது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த அதிகாரிக்குச் சம்பளம் கொடுப்பவரே முதலாளிதான். இச்சட்டம் அவரை ஆலோசனை சொல்லச் சொல்கிறது. வேலையை நிறுத்தும் தடை அறிவிப்பைக் கொடுக்கும் அதிகாரம் அரசாங்க அமலாக்க அதிகாரியிடம் இருக்கிறது. கான்கிரீட் ஊற்றும் நாள் தள்ளிப்போனால் கம்பெனிக்கு நட்டம். "சாரம் சரியில்லை, நிறுத்துங்கள்" என்று மாதச் சம்பளக்காரர் எத்தனை முறை சொல்ல முடியும்? கடைசியில் கோப்பில் எல்லாம் சரியாக இருக்கும். மேலே தடுப்புக் கம்பி மட்டும் இருக்காது.

2017 அக்டோபர் 21ஆம் தேதி பினாங்கு தஞ்சோங் பூங்காவில் ஒரு கட்டுமானத் தளத்தில் மண் சரிந்து 11 தொழிலாளர்கள் மாண்டார்கள். பெரும்பாலோர் வெளிநாட்டவர். பிறகு மாநில அரசு விசாரணை ஆணையம் அமைத்தது. ஆணையம் எந்நாளும் அமைக்கலாம். போன உயிரை எந்த ஆணையம் மீட்டுத் தரும்?

2024 ஜூன் 1 முதல் திருத்தப்பட்ட சட்டம் நடப்புக்கு வந்துள்ளது. தொழிலாளியின் பாதுகாப்பை உறுதி செய்யத் தவறும் முதலாளிக்கான உச்ச அபராதம் 50,000 வெள்ளியிலிருந்து 500,000 வெள்ளியாக உயர்ந்துள்ளது. அதிகாரி கட்டாயமில்லாத சிறிய இடங்களிலும், 5 பேருக்குக் குறையாமல் வேலை செய்தால், ஒரு பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது 26ஏ பிரிவு. உயிருக்கு உடனடி ஆபத்து என்று தக்க காரணத்தோடு நம்பினால் முதலாளியிடம் சொல்லுங்கள். அவர் ஆபத்தை நீக்காவிட்டால் அந்த இடத்தை விட்டு விலகும் உரிமை உங்களுக்கு உண்டு. அதற்காக உங்களைத் தண்டிக்க முடியாது. பாதுகாப்பைப் பற்றிப் புகார் செய்த ஒரே காரணத்துக்காக வேலைநீக்கம் செய்வதை 27ஆம் பிரிவு தடுக்கிறது.

ஆகவே தோழர்களே, உங்கள் தளத்தில் அதிகாரி யார் என்று முதலில் கேளுங்கள். ஆபத்தைக் கண்டால் அவரிடம் சொல்லுங்கள். தேதியோடு எழுதி வையுங்கள். கைப்பேசியில் படம் எடுங்கள். சட்டப்படி கொடுக்க வேண்டிய தலைக்கவசம், காலணி, பெல்ட்டுக்குச் சம்பளத்தில் பணம் பிடித்தால் அது குற்றம். விபத்து நடந்தால் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். சொக்சோவுக்கும் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறைக்கும் தகவல் போனதா என்று குடும்பத்தார் கேட்க வேண்டும்.

அரசாங்கத்திடம் நாம் கேட்பது மூன்று. பாதுகாப்பு அதிகாரிக்கு வேலையை நிறுத்தும் அதிகாரத்தைச் சட்டமே கொடுக்க வேண்டும். அவருடைய மாத அறிக்கையின் நகல் நேராக அமலாக்கத் துறைக்குப் போக வேண்டும். பாதுகாப்பு விளக்கம் தொழிலாளிக்குப் புரியும் மொழியில் நடக்க வேண்டும்.

அதுவரை அதிகாரியின் பின்னால் நாம் நிற்போம். நியாயமாக நடக்கும் அதிகாரிக்குத் தொழிலாளர்களின் ஒற்றுமையே பலம். ஒருவன் பேசினால் வேலை போகும் என்று பயப்படுகிறோம். எல்லாரும் சேர்ந்து பேசினால் யார் வேலையைப் பறிப்பார்கள்?