விருந்தாளி மேடை ஏறும் வரைக்கும்தான் தப்பா?

2024 பெப்ரவரி 9 ஆம் திகதி யாழ்ப்பாணம் முற்றவெளியில் ஹரிஹரன் பாட வந்த இரவைப் பற்றி எத்தனை பேர் எழுதினாங்க! தடுப்பை உடைச்சுக்கிட்டு கூட்டம் முன்னால போனது, நிகழ்ச்சி இடையில நின்றது, டிக்கெட் எடுத்தவனும் எடுக்காதவனும் ஒரே கூட்டமானது, எல்லாத்துக்கும் வீடியோ இருக்கு. பலாங்கொடையிலும் எட்டியாந்தோட்டையிலும் இருக்கிற நம்ம பிள்ளைகளும் போன்ல பார்த்துக் கருத்து சொன்னாங்க. அதுல குறை சொல்ல ஒன்றும் இல்லை. நேரில இசை கேட்டவங்க அதைப் பேசத்தான் செய்வாங்க.

என் கேள்வி வேற. அதுக்குப் பிறகு சில நாள்ல மாசி மாசம். தோட்டங்கள்ல காமன் ஊன்றுற மாசம். மூன்றாம் பிறையில கம்பம் நட்டு, பௌர்ணமியில மதனை எரிக்கிற வரைக்கும் தப்புச் சத்தம் கேட்கும் அந்த இரவுகளைப் பற்றி யார் எழுதினாங்க?

"அது கூத்து, சாமி காரியம். இது மியூசிக். ரெண்டையும் ஏன் முடிச்சுப் போடுறீங்க?" என்று கம்பஸ்ல படிச்சவங்களே கேட்கிறாங்க. அவங்களுக்கு ஒரு அமெரிக்கக் கதை சொல்றேன். அமெரிக்கா என்றாத்தானே காது கொடுப்பாங்க.

1965 இல் கலிபோர்னியாவில் தொடங்கின பேண்ட் கிரேட்ஃபுல் டெட். முப்பது வருஷத்தில் சுமார் 2,300 தடவை மேடை ஏறினாங்க. நேற்று வாசிச்ச மாதிரி இன்றைக்கு வாசிக்க மாட்டாங்க. ஒருத்தர் கையை மற்றவர் கேட்டு, பாட்டை நீட்டி, வளைச்சு, எங்கேயோ கொண்டு போய்த் திரும்புவாங்க. இப்படி வாசிக்கிறவங்களைத்தான் ஜாம் பேண்ட் என்று சொல்றாங்க. ஒவ்வொரு இரவும் வேற என்பதால ரசிகர்களே டேப்பில் பதிவு செய்தாங்க. பேண்ட் அவங்களை விரட்டல. 1984 இல் பதிவு செய்யவென்றே தனி இடம் ஒதுக்கிக் கொடுத்தாங்க. 1977 மே 8 இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்த கச்சேரியின் ஒலிப்பதிவு ரசிகர்கள் கையில் பிரதி மேல் பிரதியாகச் சுற்றி, கடைசியில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியல் வரைக்கும் போனது. டிக்கெட் கேட்டு ரசிகர்கள் படம் வரைஞ்சு அனுப்பின கடித உறைகளைக்கூட சாந்தா குரூஸ் பல்கலைக்கழகத்தில் ஆவணமா வச்சிருக்காங்க.

இப்ப காமன் பொட்டலுக்கு வாங்க. தீயில காய்ச்சின தப்பு. ரெண்டு குச்சி. ஆடுறவர் வேகம் மாறினா அடி மாறும். யார் மேலயாவது அருள் வந்தா பாட்டு நிற்கும், தப்பு மட்டும் நிற்காது. போன வருஷக் கூத்தும் இந்த வருஷக் கூத்தும் ஒன்றில்லை. இது நேரடி இசை இல்லை என்றா வேற எது?

ரசிகர் இல்லையா? உங்க அம்மாச்சியிடம் கேளுங்க. எந்த வருஷ ரதி அழுதப்ப லயமே அழுதது, எந்த டிவிசன் தப்புக்காரர் விடியும் வரைக்கும் கை ஓயாம அடிச்சார் என்று பேர் சொல்லிச் சொல்லுவாங்க. அந்த ஞாபகம்தான் நம்மகிட்ட இருக்கிற டேப். அதைக் காத்துவைக்க நம்மகிட்ட நூலகமும் இல்லை, பிரதியும் இல்லை. அம்மாச்சி போனா அதுவும் போகும்.

அந்த டேப் ஏற்கனவே பல இடத்துல அறுந்துபோனது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. மதன் ஒரு கப்பலில், தப்புக்காரர் இன்னொரு கப்பலில் என்று போனா கூத்து எப்படி நடக்கும்? 1981 ஆகஸ்ட்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பக்கம் லயங்கள் தாக்கப்பட்டு சனம் சிதறியது. சிங்களக் கிராமங்களுக்கு நடுவுல தனித்தனித் தீவா இருக்கிற சபரகமுவ தோட்டங்களுக்கு, ஒரு குழு கலைஞ்சா திரும்பச் சேர்றது சுலபமில்லை. அந்தக் காலத்து மலையகப் பாடல்களை சி.வி. வேலுப்பிள்ளை தேடி எழுதி 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று புத்தகமாக்கினார். வந்தது 1983 இல். அதுக்குப் பிறகு பிறந்த நம்ம கையில அன்றைக்கு இல்லாத போன் இருக்கு. என்ன செய்தோம்?

"பாரம்பரியத்தைப் பாதுகாப்போம்" என்று பெனர் கட்டுறோம். விழாக்களைப் பாருங்க. கேட்டிலிருந்து மண்டபம் வரைக்கும் விருந்தாளிக்கு முன்னால தப்பு. விருந்தாளி மேடை ஏறினதும் தப்புக்காரர் வெளியில. உள்ளே கீபோர்டும் ஸ்பீக்கரும். பேண்டுக்கு அட்வான்ஸ். தப்புக்குத் தேத்தண்ணியும் கையில வைக்கிற கொஞ்சக் காசும். நன்றியுரையில பேண்டின் பேர் வரும், தப்புக்காரர் பேர் வராது.

இதுக்குப் பேர் சாதி. வேற நல்ல பேர் தேட வேண்டாம். தோட்டத்தில் ஆட்களைப் பிரட்டுக்கு எழுப்பவும் தப்பு, செத்த வீட்டுக்கும் தப்பு, திருவிழாவுக்கும் தப்பு. ஆனா அடிச்சவரைக் கூப்பிட்ட விதம் மட்டும் மாறல. அதனால "எங்க அப்பா அடிச்சது போதும், நான் தொட மாட்டேன்" என்று ஒரு பையன் சொன்னா, அவனுக்குப் பாரம்பரியம் பற்றி வகுப்பெடுக்க நமக்கு உரிமை இல்லை. அவன் மறுக்கிறது இசையை இல்லை, நம்ம மரியாதைகெட்ட தனத்தை. முதல்ல திருந்த வேண்டியவங்க கூப்பிடுறவங்கதான்.

பதிவு செய்தா மட்டும் போதும் என்றும் நினைக்காதீங்க. 2021 இல் 'எஞ்சாய் எஞ்சாமி' வந்தப்ப நாம எல்லாரும் ஆடினோம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைச்சுத் திரும்பிய பாட்டி வள்ளியம்மாளின் நினைவை அறிவு அந்தப் பாட்டில் வச்சார். 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் மேடையில் அதே பாட்டு ஒலிச்சப்ப அறிவு அங்கே இல்லை. பாட்டு யாருடையது என்று அதுக்குப் பிறகு நடந்த சண்டை ஊருக்கே தெரியும். உலகமே கேட்ட பாட்டுக்கே இந்தக் கதி என்றா, இறக்குவானைப் பக்கம் பேர் எழுதாம எடுத்த வீடியோவுக்கு என்ன கதி?

அதனால கேட்கிறது மூன்றுதான். விழாவுக்குத் தப்பு வேணும் என்றா மேடையில இடம் கொடுங்க, முழு நிகழ்ச்சியா. பேண்டுக்குக் கொடுக்கிற கணக்கில் காசு கொடுங்க, முன்கூட்டியே பேசி. அடுத்த மாசிக்கு ஊருக்குப் போறவங்க அனுமதி கேட்டுப் பதிவு செய்யுங்க. அடிக்கிறவர், ஆடுறவர், பாடுறவர் பேரை அவங்க சொல்ற மாதிரியே எழுதுங்க. ஒரு பிரதி அவங்க வீட்டிலயும் இருக்கட்டும்.

இதைச் செய்ய ஏலாது என்றா பெனரைக் கழற்றுங்க. விருந்தாளி சும்மாவே நடந்து வரட்டும்.