நிகர் ஷாஜியும் நமது கணிதப் பிரிவும்

சாதாரணதரப் பெறுபேறு வந்ததும், “பெண் பிள்ளைக்குக் கணிதப் பிரிவு எதற்கு?” என்ற கேள்வியும் வந்துவிடுகிறது. தமிழ்நாட்டுச் செங்கோட்டையில் விவசாயியின் மகளாகப் பிறந்த நிகர் ஷாஜி 1987இல் இஸ்ரோவில் இணைந்தார். சூரியனை ஆராய 2023 செப்டம்பர் 2இல் ஏவப்பட்ட ஆதித்யா எல்-1 விண்கலத்தின் திட்டப் பணிப்பாளராக இருந்தவர் அவரே.

இடையில் 36 ஆண்டுகள்! ரொக்கெட் எழும் நிமிடத்தை மட்டுமே நாம் பார்க்கிறோம். விண்வெளிப் பொறியியலாளரின் வேலையோ ஆய்வுகூடத்தில், ஒவ்வொரு பாகத்தையும் அதிரவைத்து, சூடாக்கி, குளிராக்கிச் சோதிப்பது. 15 இலட்சம் கிலோமீற்றர் போன பின் பழுது பார்க்க யார் போவது? ஆதித்யா அங்கு சேரவே நான்கு மாதங்கள் சென்றன. அத்தனை பொறுமை பெண்களுக்கு இல்லையென்று நம் உம்மாமாரைப் பார்த்த எவரும் சொல்லமாட்டார்.

பெற்றோரே, விடுதி, தூரம் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. அதை உட்கார்ந்து பேசலாம். பெண்ணுக்குக் கணக்கு வராது என்பதை மட்டும் காரணமாகச் சொல்லாதீர்கள்.