தப்பு பிள்ளையிடமா, பாடத்திலா?

பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். மென்பொருள் வேலை. முகம் வாடியிருந்தது. அவன் எழுதிய நாடுகள் பட்டியலில் நார்வே மட்டும் காணாமல் போய்விட்டதாம். "கவனக்குறைவு" என்று எல்லார் முன்னாலும் திட்டு வாங்கியிருக்கிறான். "என்னடா செய்தாய்?" என்றேன். மடிக்கணினியைத் திறந்து காட்டினான்.

மென்பொருளுக்கு இன்னின்னபடி நட என்று எழுதி வைக்கும் கோப்பு அது. எழுதிய மொழிக்கு யாமல் என்று பெயர். இந்தியாவுக்கு 'ஐஎன்', ஜெர்மனிக்கு 'டிஇ', நார்வேக்கு 'என்ஓ' என்று ஈரெழுத்துக் குறிகள். கடைசிக் குறியைக் கணினி ஆங்கிலத்து 'நோ' என்று படித்து, 'பொய்' என்று எடுத்துக்கொண்டது! 2005-ல் வந்த யாமல் 1.1-ன் விதி அப்படி. அதே விதியில் 22:22 என்று நேரம் எழுதினால் 1342 ஆகிவிடும். பதிப்பு எண் 1.10 என்றால் 1.1 ஆகிவிடும்.

"மேற்கோள் குறி போட்டிருக்க வேண்டும்" என்கிறார்கள் பெரியவர்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒரு பிள்ளை தவறினால் பிள்ளையைக் கேட்கலாம். வகுப்பே ஒரே இடத்தில் தவறினால் பாடத்தைத்தான் திருத்த வேண்டும். இந்தத் தவறுக்கு 'நார்வே பிரச்சினை' என்று பெயரே வைத்திருக்கிறார்களாம். பெயர் வைக்கும் அளவுக்குப் பலர் விழுந்த குழியை மூடாமல், விழுந்தவனைத் திட்டுவது என்ன நியாயம்?

2009-ல் வந்த 1.2 பதிப்பு இந்த விதியை நீக்கிவிட்டது. ஆனாலும் பல கருவிகள் இன்றும் பழைய விதியிலேயே ஓடுகின்றன. கேட்டால், "பழைய கோப்புகள் கெட்டுவிடும், எல்லாருக்கும் பழகிவிட்டது" என்கிறார்கள். 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது நான் ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன். 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. அப்போதும் இதே முணுமுணுப்புத்தான். பழைய புத்தகங்கள் அழிந்தா போயின? நாங்கள் இரண்டையும் படித்தோம். பிள்ளைகளுக்குச் சுமை குறைந்தது. கணினிக்கும் வழி உண்டு. எந்தப் பதிப்பு என்று கோப்பின் தலையிலேயே எழுதும் வசதி யாமலில் இருக்கிறது. கருவிகள் அதை மதிக்கட்டும்.

நான் கேட்பது பெரிதல்ல. எழுதியது எழுதியபடியே சொல்லாக இருக்கட்டும். மெய், பொய் இரண்டுக்கும் ஆளுக்கு ஒரே சொல் போதும். சந்தேகம் வந்தால் கணினி ஊகிக்காமல் நின்று கேட்கட்டும். 2013-ல் வந்த டாமல் என்ற மொழியில் சொல்லுக்கு மேற்கோள் குறி கட்டாயம். விட்டால் பிழை என்று அங்கேயே நிறுத்திவிடும். அதுதான் நேர்மை.

இத்துறையில் இருக்கும் என் பிள்ளைகளே, நாளை நீங்கள் பொறுப்பில் இருப்பீர்கள். இளையவன் ஒருவன் தவறினால், திட்டுவதற்கு முன் அந்த விதியை ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்