மேக்கர் யார், மெக்கானிக் யார்?

கடந்த சில ஆண்டுகளில் நம் கல்வி நிலையங்களில் ‘மேக்கர்’ என்னும் சொல் பெருமதிப்புப் பெற்றுவிட்டது. ஆர்டுயினோ பலகையில் ஈரப்பத உணரி ஒன்றை இணைத்து, செடிக்குத் தானே நீர் பாய்ச்சும் கருவியைச் செய்யும் மாணவர் மேக்கர். அதே மாணவரின் கைபேசி நீரில் விழுந்து அணைந்துபோனால், அதைத் திறந்து, பழுதான பாகத்தைக் கண்டறிந்து, மீண்டும் உயிர்பெறச் செய்பவர் மெக்கானிக். முன்னவருக்குச் சான்றிதழும் கைத்தட்டலும் கிடைக்கின்றன. பின்னவருக்கு, பேரம் பேசிக் குறைக்கப்பட்ட கூலி கிடைக்கிறது. இவ்விரு சொற்களையும் பிரிப்பது அறிவின் ஏற்றத்தாழ்வு அன்று, சமூகத்தின் ஏற்றத்தாழ்வு என்பதே என் வாதம்.

மும்பையில் இந்த இடைவெளியை வரைபடத்திலேயே காணலாம். மாட்டுங்காவில் வி.ஜே.டி.ஐ. பொறியியல் கல்லூரி இருக்கிறது. 1887ஆம் ஆண்டு விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்பக் கழகமாகத் தொடங்கப்பட்ட பழம்பெரும் நிறுவனம் அது. அங்கிருந்து நடந்து போகும் தொலைவில் தாராவி. கிழக்கே செம்பூரைக் கடந்து சென்றால் மான்கூர்டில் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம். டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தின் பகுதியாக 1974இல் உருவான அம்மையம், பள்ளிக் கல்வியில் வடிவமைப்புக்கும் தொழில்நுட்பத்துக்கும் உரிய இடம் குறித்து நெடுங்காலமாக ஆய்வு செய்துவருகிறது.

இம்மூன்று இடங்களும் தமிழருக்கு அயலானவை அல்ல. நெல்லைச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காக வந்தவர்களின் வழித்தோன்றல்கள் தாராவியில் வாழ்கின்றனர். எழுத்தராகவும் கணக்கராகவும் பொறியாளராகவும் வந்தவர்கள் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் குடியேறினர். பேசும் மொழி ஒன்றே. ஆயினும் ஒருவரின் கைத்திறன் மற்றவரின் பாடத்திட்டத்துக்குள் நுழைந்ததில்லை.

பழுது நீக்குதல் என்றால் என்ன என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். அணைந்துபோன ஒரு கைபேசி கடைக்கு வருகிறது. பழுது பார்ப்பவர் மின்கலத்தைக் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் மேசை மேலுள்ள மின்வழங்கியை இணைக்கிறார். அவருடைய கண் அம்மீட்டரின் மேல் இருக்கிறது. பவர் பட்டனை அழுத்துவதற்கு முன்பே மின்னோட்டம் மிகுதியாகப் பாய்ந்தால், முதன்மை மின்தடத்தில் எங்கோ ‘ஷார்ட்’. அழுத்திய பின்னும் முள் அசையவில்லை என்றால், எங்கோ தடம் அறுந்திருக்கிறது. சிறிதளவு மின்னோட்டம் ஏறி அங்கேயே நின்றுவிட்டால், கருவி விழிக்க முயன்று பாதியில் சிக்கியிருக்கிறது. ஓர் எண்ணைக் கொண்டு, பல்லாயிரம் இணைப்புகள் கொண்ட பலகையில் எங்கே தேட வேண்டும், எங்கே தேட வேண்டாம் என்று அவர் முடிவுசெய்கிறார்.

அடுத்து, ஷார்ட் ஆன பாகத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கடுகளவும் இல்லாத மின்தேக்கிகள் நூற்றுக்கணக்கில் இருக்கும் பலகை அது. சூடான சால்டரிங் அயர்னை ரோசின் பிசினில் தொட்டு, எழும் புகையைப் பலகையின் மீது படியவிடுகிறார். பலகை முழுவதும் வெண்பனி போன்ற மெல்லிய படலம் பரவுகிறது. பிறகு பழுதான தடத்தில் ஒரு வோல்ட் அளவுக்குக் குறைந்த மின்னழுத்தத்தைச் செலுத்துகிறார். ஷார்ட் ஆன மின்தேக்கி சூடேறுகிறது. அதன் மேலிருக்கும் படலம் மட்டும் உருகித் தெளிகிறது. பல்லாயிரம் ரூபாய் விலையுள்ள வெப்பப் படக்கருவி செய்யும் வேலையைச் சில ரூபாய்ப் பிசின் செய்துவிடுகிறது.

கருதுகோள், அளவீடு, விலக்கல், உறுதிப்படுத்தல் என்று ஆய்வு முறையியல் வகுப்பில் நாம் கற்பிக்கும் படிகளில் எது இங்கே இல்லை? முதலாண்டு ஆய்வகத்தில் விடை முன்பே தெரிந்த சோதனையைச் செய்து, விடைக்கேற்ப அளவீடுகளை எழுதி முடிக்கும் மாணவரைவிட, விடை தெரியாத பலகையின் முன் அமர்ந்திருக்கும் இந்த மனிதர் அறிவியலுக்கு நெருக்கமானவர் அல்லவா?

இத்தகைய அறிவை ஆய்வுலகம் முற்றிலும் அறியாததும் அன்று. ஜூலியன் ஓர் என்னும் மானிடவியலாளர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் பழுதுநீக்குநர்களோடு உடன் சென்று ஆய்வு செய்து, 1996இல் அதை நூலாக வெளியிட்டார். நிறுவனம் தந்த கையேடு போதாத இடங்களில் அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட கதைகளின் வழியாகவே அறிவு பரவியது என்று அவர் காட்டினார். பின்னர் அந்நிறுவனமே, பழுதுநீக்குநர்கள் கண்டறிந்த தீர்வுகளை அவரவர் பெயரோடு தொகுத்துப் பகிரும் ‘யுரேக்கா’ என்ற அமைப்பை உருவாக்கியது. பெயர் பொறிக்கப்பட்டது என்பதைக் கவனியுங்கள். நம் நாட்டின் பழுதுநீக்கும் கடைகளிலும் அறிவு இவ்வாறே பரவுகிறது. உஸ்தாத் சொல்லிக் கேட்பது, பக்கத்துக் கடைக்காரரிடம் கேட்பது, கைமாறி வரும் மின்சுற்று வரைபடம், யூடியூப் காணொளி என அதற்குப் பல வழிகள். ஆனால் கண்டறிந்தவரின் பெயர் எங்கும் பதிவாவதில்லை.

பெயர் பதியாததற்கு நாம் வழங்கும் சொற்களும் ஒரு காரணம். இத்தகைய வேலையைப் பாராட்ட விரும்புவோர் உடனே ‘ஜுகாட்’ என்கின்றனர். மேலாண்மைக் கல்லூரிகளில் அச்சொல்லுக்குப் பெரும் செல்வாக்கு உண்டு. நாமும் தமிழில் ‘எப்படியோ ஒப்பேற்றிவிட்டான்’ என்கிறோம். பாராட்டுப் போலத் தோன்றும் இச்சொற்கள் உண்மையில் ஒரு மறுப்பைச் சுமந்திருக்கின்றன. ‘எப்படியோ’ என்று சொல்லிவிட்டால், எப்படி என்று கேட்கும் கடமை நமக்கு இல்லாமல் போகிறது. முறையியல் பல்கலைக்கழகத்துக்கும் சாமர்த்தியம் சந்தைக்கும் என்று பங்கு பிரித்துவிடுகிறோம். பொருளைக் கையால் தொட்டுச் செய்யும் வேலையை, அதிலும் பிறர் கழித்த பொருளைத் தொடும் வேலையை, இழிவாகக் கருதிய ஒரு சமூகத்தில் இப்பங்கீடு தற்செயலாக நேர்ந்திருக்க முடியாது. தமிழில் ‘காயலான் கடை’யும் மும்பை வழக்கில் ‘பங்கார்’ என்பதும் வசைச் சொற்களாகவும் வழங்குவதை நாம் அறிவோம்.

இதற்கு விதிவிலக்காக நாம் கொண்டாடும் ஒருவர் உண்டு. 1893இல் கலங்கலில் பிறந்த ஜி.டி. நாயுடு பள்ளிப் படிப்பை முறையாக முடித்தவர் அல்லர். உணவகத்தில் வேலை செய்து சேர்த்த பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதைப் பிரித்துப் பிரித்துப் பூட்டியே எந்திரவியலைக் கற்றார். 1937இல் இந்தியாவில் உருவான முதல் மின்மோட்டாரின் பின்னணியில் அவரும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இருந்தனர். கோவையில் பொறியியல் கல்விக்கு வித்திட்டபோது, நீண்ட படிப்புக் காலம் வீண் என்று வாதிட்டவரும் அவரே. அவருடைய படத்தைக் கல்லூரிச் சுவரில் மாட்டியிருக்கிறோம். பிரித்துப் பார்த்துக் கற்கும் அவருடைய முறையைப் பாடத்திட்டத்தில் சேர்க்கவில்லை.

இன்றைய கொள்கை எந்தத் திசையில் செல்கிறது? 2016இல் தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டம், தேர்வுபெறும் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை வழங்குகிறது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளில் ஆய்வகங்கள் அமைந்துள்ளன. அடுத்த ஐந்தாண்டுகளில் 50,000 ஆய்வகங்கள் என்று 2025ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டம் அறிவித்தது. நல்ல முயற்சிதான். அரசுப் பள்ளி மாணவரின் கைக்கு முப்பரிமாண அச்சுப்பொறி கிடைப்பதை எவரும் குறைகூற முடியாது. ஆனால் பெட்டியில் வரும் கிட் பழுதாகாத பொருள். அதில் எல்லாம் வேலை செய்யும் என்ற உறுதியோடுதான் மாணவர் தொடங்குகிறார். வேலை செய்யாத ஒன்றை முன்னே வைத்து, ‘ஏன்’ என்று கேட்கச் செய்வது வேறு வகைக் கல்வி. பழைய கணினியின் மின்வழங்கியை மேசை மின்வழங்கியாக மாற்றவும், கழித்த மடிக்கணினி மின்கலத் தொகுப்பில் எந்தக் கலம் இன்னும் மின்னேற்றத்தைத் தாங்கும் என்று சோதித்துப் பிரிக்கவும் கற்றுக்கொள்ளும் மாணவருக்கு ஓம் விதி வெறும் சூத்திரமாக இராது.

இவ்விடத்தில் எதிர்வாதம் ஒன்றை நேர்மையாகச் சந்திக்க வேண்டும். இந்தத் தொழிலை அழகுபடுத்திக் காட்டுவது எளிது. பழைய சால்டரில் ஈயம் இருக்கிறது. வடத்தின் செம்புக்காக அதன் உறையை எரிக்கும்போதும், மின்சுற்றுப் பலகையை அமிலத்தில் முக்கும்போதும் எழும் நஞ்சு முதலில் அதைச் செய்பவரின் நுரையீரலுக்கே போகிறது. உப்பிய லித்தியம் மின்கலம் தீப்பற்றும். போலி உதிரிப் பாகங்களும் திருட்டுக் கைபேசிகளும் இச்சந்தையில் புழங்குகின்றன. கைபேசியின் அடையாள எண்ணை மாற்றுவது 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி குற்றம். இவை எல்லாம் உண்மை. ஆனால் இவ்வுண்மைகளிலிருந்து நாம் பெறும் முடிவு எது என்பதுதான் கேள்வி. ஆய்வகத்தில் ஆபத்து இருந்தால் புகைபோக்கியும் கையுறையும் வைக்கிறோம், ஆய்வகத்தை மூடுவதில்லை. தாராவியில் ஆபத்து இருந்தால் மட்டும் தொழிலையே அகற்ற வேண்டும் என்கிறோம்.

சட்டமும் இதே மனப்போக்கைக் காட்டுகிறது. 2016ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகளில் சேகரிப்பு மையத்துக்கும் பிரிப்பவருக்கும் தனி இடம் இருந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த 2022ஆம் ஆண்டின் விதிகளில், தயாரிப்பாளர், உற்பத்தியாளர், புதுப்பிப்பவர், மறுசுழற்சியாளர் என நான்கு வகையினரே பதிவுசெய்ய வேண்டியவர்கள். கோணிப்பையோடு வீடுவீடாகச் சென்று சேகரிப்பவரும், திருப்புளியோடு அமர்ந்து பிரிப்பவரும் விதியின் சொற்களுக்குள்ளேயே இல்லை. மறுபுறம், பழுது நீக்கும் உரிமைக்கான வலைவாசலை நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று தொடங்கியது. வரவேற்கத்தக்கதே. ஆனால் வலைவாசல் வேறு, சட்டக் கடமை வேறு. பிரான்சில் 2021 முதல், மடிக்கணினி போன்ற பொருள்களின் மீது அவற்றைப் பழுது நீக்குவது எவ்வளவு எளிது என்பதை மதிப்பெண்ணாகக் குறித்தே விற்க வேண்டும். இங்கோ, ஒட்டப்பட்ட மின்கலமும், மென்பொருளால் பூட்டப்பட்ட உதிரிப் பாகமும், வெளியிடப்படாத சுற்று வரைபடமும் வழக்கமாகிவிட்டன. ஜி.டி. நாயுடு இன்று பிறந்திருந்தால், வாங்கிய பொருளைத் திறக்கவே திண்டாடியிருப்பார்.

இவற்றையெல்லாம் இப்போது எழுதக் காரணம், தாராவியின் காலம் குறுகிக்கொண்டிருப்பதே. மறுசீரமைப்புத் திட்டத்துக்கான ஏலத்தை 2022 நவம்பரில் அதானி குழுமம் வென்றது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருந்ததைச் சான்றோடு நிறுவுவோருக்குத் தாராவிக்குள்ளேயே விலையின்றி வீடு கிடைக்கும். அதற்குப் பின் வந்தோருக்கும் மேல்தளத்தில் வாழ்வோருக்கும் தாராவிக்கு வெளியேதான் இடம். நல்ல வீடும் கழிப்பறையும் வேண்டாம் என்று சொல்லும் உரிமை, இரண்டையும் உடைய நமக்குக் கிடையாது. ஆனால் இந்த வரையறை குடும்பங்களை மட்டும் பிரிப்பதில்லை. சேகரிப்பவர், பிரிப்பவர், சோதிப்பவர், விற்பவர், பழுது நீக்குபவர் ஆகியோர் அருகருகே இருப்பதால்தான் ஓர் உதிரிப் பாகம் அரை மணி நேரத்தில் கைக்கு வருகிறது. ஒரு சந்தேகம் அடுத்த கடையில் தீர்கிறது. ஒருவர் தாராவியிலும் மற்றவர் முலுண்டிலும் குடியமர்த்தப்பட்டால் சங்கிலி அறுந்துபோகும். எழுதி வைக்கப்படாத அறிவு, இடம் பெயரும்போது உடன் பெயர்வதில்லை.

ஆசிரிய நண்பர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, ஆவணப்படுத்துங்கள். பழுது கண்டறியும் முறைகளை, செய்பவரின் ஒப்புதலோடும் அவர் விரும்பினால் பெயரோடும், தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் பதிவுசெய்யுங்கள். மொழியியல் மாணவருக்கு அக்கடைகளின் கலவைச் சொல்வழக்கே ஓர் ஆய்வேட்டுக்குப் போதுமானது. இரண்டாவது, பொறியியல் கல்லூரிகளில் பழுது நீக்குதலை மதிப்பெண் உள்ள பாடமாக்கக் கோருங்கள். அதைக் கற்பிக்கத் தொழில் தெரிந்தவரை ஊதியம் தந்து அழையுங்கள். சிறப்புரைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தி அனுப்புவது போதாது. மூன்றாவது, கல்லூரி கழிக்கும் கணினிகளை ஏலத்தில் தள்ளுவதற்கு முன், புகைபோக்கியும் பாதுகாப்புக் கருவிகளும் உள்ள ஒரு பட்டறையில் மாணவரும் தொழிலாளரும் சேர்ந்து பிரித்துப் பார்க்க வழிசெய்யுங்கள். புதிய கட்டடம் எதுவும் இதற்கு வேண்டியதில்லை. ஒரு மேசையும், ஒரு மின்வழங்கியும், பல்கலைக்கழக நிதிக்குழுவின் ஒரு தீர்மானமும் போதும்.

உங்கள் கல்லூரியில் இவற்றில் ஏதேனும் ஏற்கெனவே நடக்கிறதென்றால் பின்னூட்டத்தில் எழுதுங்கள். நடக்க இயலாது என்று கருதுவோர் அதற்கான காரணத்தை எழுதினால் இன்னும் நல்லது. அந்தக் காரணங்களிலிருந்துதான் அடுத்த விவாதத்தைத் தொடங்க வேண்டியிருக்கும்.