மலைக்கு விருந்தாளியாய்ச் செல்வோம்



பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறை விட்டதும், திருப்பனந்தாள், சோழபுரம், ஆடுதுறை வட்டாரத்து வீடுகளில் எழும் முதல் பேச்சு, "இந்த ஆண்டு ஊட்டியா, கொடைக்கானலா?" என்பதுதான். அதில் வியப்பில்லை. மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28-இல் மூடப்பட்டு ஜூன் 12-இல் திறக்கப்படுகிறது. இடைப்பட்ட கோடையில் கொள்ளிடம் மணற்பரப்பாகக் கிடக்கிறது. வயல்கள் வெடித்துக் கிடக்கின்றன. அந்நாள்களில் குளிர்ச்சியை நாடி மனம் மலையேறத்தான் செய்யும்.

இத்தகைய பயணமே வீண்விரயம் என்று சிலர் கண்டிக்கின்றனர். அதை நாம் ஏற்கவில்லை. பூமியில் பயணம் செய்து படைப்பின் தொடக்கத்தை உற்றுநோக்குமாறு அல்லாஹ் திருமறையில் பணிக்கின்றான். ஒட்டகம், வானம், மலைகள், விரிந்த பூமி ஆகிய நான்கையும் சிந்தித்துப் பார்க்குமாறு 88-ஆம் அத்தியாயம் அழைக்கின்றது. சமவெளியிலேயே பிறந்து வளரும் நம் பிள்ளைகள் மலைகளைக் கண்ணால் காண்பது நல்லதே. ஆனால் காண்பது வேறு, கண்டு சிந்திப்பது வேறு.

ஊட்டிக்கும் குன்னூருக்கும் இடையே உள்ள கேத்திப் பள்ளத்தாக்கை எடுத்துக்கொள்வோம். சரிவுகளில் படிப்படியாக அமைந்த கேரட், உருளைக்கிழங்குத் தோட்டங்கள், தேயிலைப் பச்சை, நடுநடுவே படகர் ஊர்கள். சாலையோரம் வண்டியை நிறுத்திப் பத்து நிமிடம் நின்று, படம் பிடித்துத் தேநீர் அருந்திவிட்டு நகர்கிறோம். இங்கே பெய்யும் மழை எங்கே போகிறது என்று கேட்பவர் நம்மில் எத்தனை பேர்?

அது நம்மை நோக்கித்தான் வருகிறது. நீலகிரியின் தெற்குச் சரிவு ஓடைகள் பவானியாற்றில் சேர்கின்றன. வடக்குச் சரிவின் நீரைச் சுமந்துவரும் மோயாறு, பவானிசாகர் நீர்த்தேக்கத்தில் பவானியோடு கலக்கிறது. பவானி கூடுதுறையில் காவிரியை அடைகிறது. கொடைக்கானல் அமைந்த பழனி மலையின் வடசரிவு நீரும் சண்முகநதி, அமராவதி வழியாகக் கரூர் அருகே காவிரிக்கு வருகிறது. அக்காவிரி முக்கொம்பில் பிரிந்து கொள்ளிடமாகி, அணைக்கரை வழியே நம் ஊர்ப் பக்கம் பாய்கிறது. நம் நிலத்தடி நீருக்கு ஊற்றுக்கண் இந்த ஆறே. பள்ளிவாசல் ஹவுளில் நாம் ஒளூச் செய்யும் நீரிலும் அம்மலைகளுக்குப் பங்குண்டு. நாம் சுற்றுலா செல்லும் இடம் நம் ஆற்றின் பிறப்பிடங்களுள் ஒன்று.

இதை உணர்ந்தவர் அங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும்? நடப்பதோ வேறு. மலைப்பாதை வளைவில் வேன் நிற்கிறது. வீட்டிலிருந்து கொண்டுவந்த பிரியாணி பரிமாறப்படுகிறது. வண்டி புறப்பட்டபின் காகிதத் தட்டுகளும் பிளாஸ்டிக் பைகளும் தண்ணீர் பாட்டில்களும் சரிவில் கிடக்கின்றன. குரங்கும் காட்டுமாடும் அவற்றைத் தின்கின்றன. எஞ்சியதை முதல் மழை ஓடைக்குள் தள்ளுகிறது. பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று எனக் கற்பித்தவர்கள் நபி (ஸல்) அவர்கள். நீர்நிலைகளிலும் மக்கள் நடக்கும் பாதையிலும் நிழலிலும் அசுத்தம் செய்வது சாபத்துக்குரிய செயல் என்றும் அவர்கள் எச்சரித்தார்கள். அவர்களுடைய உம்மத்தாகிய நாம் தொல்லையை அகற்றாவிட்டாலும், போட்டுவிட்டாவது வராமல் இருக்க வேண்டாமா?

"பணம் கொடுத்துத்தானே போகிறோம்; துப்புரவுப் பணியாளர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்பது வழக்கமான மறுமொழி. நாம் கொடுக்கும் பணம் அறைக்கும் உணவுக்குமான விலை. மலைவாழ் மக்களின் தண்ணீரைக் கெடுப்பதற்கான உரிமை அன்று. அடியார்களின் உரிமையாகிய ஹக்குல் இபாதைப் பணத்தால் வாங்க இயலாது. மலையிலும் கோடை வந்தால் தண்ணீர்த் தட்டுப்பாடு உண்டு. அங்குள்ள வாழ்வு நாம் எண்ணுவதுபோல் எளிதன்று. 2009 நவம்பரில் நீலகிரியில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நமக்குக் காட்சியாகத் தெரியும் சரிவு அவர்களுக்குக் குடியிருப்பு.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டது. 2025 ஏப்ரல் முதல் கோடைக்காலத்துக்கு எண்ணிக்கை வரம்பும் வந்தது: நீலகிரிக்கு வேலை நாள்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000. இதைத் தொல்லை என்று அலுத்துக்கொள்வோர் நம்மிடையே உண்டு. பிறர் வீட்டு வாசலில் ஸலாம் கூறி, அனுமதி பெற்று நுழையும்படி கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம். அனுமதி கிடைக்காவிடில் முகம் சுளிக்காமல் திரும்புவதும் அந்த ஒழுக்கத்தில் அடங்கும். ஆகவே இ-பாஸ் நமக்குப் புதிய சுமையன்று. அதில் பொய் விவரம் தந்து நுழைவது பொய்யே. சுற்றுலா என்பதால் அது ஹலாலாகிவிடாது.

ஏப்ரல், மே மாத ஜும்ஆ பயான்களில் நம் ஜமாஅத்துகள் இதைப் பேச வேண்டும். செய்ய வேண்டியவை கடினமானவையும் அல்ல. எவர்சில்வர் தட்டும் தண்ணீர்க் குடுவையும் வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லலாம். குப்பைக்கென ஒரு சாக்கு வண்டியில் இருக்கட்டும். அது நம்மோடு கீழே இறங்கட்டும். ஓடையில் சோப்பு கொண்டு துணியோ பாத்திரமோ கழுவ வேண்டாம். இயன்றவர்கள் வார இறுதியைத் தவிர்க்கலாம், பேருந்திலும் செல்லலாம். இரவுப் பயணத்தில் ஃபஜ்ர் தவறிவிடாதபடி, தொழுவதற்கான இடத்தை முன்பே தீர்மானிக்க வேண்டும். பயணிக்குக் கஸ்ர் சலுகை உண்டு. தொழுகையையே விட்டுவிடச் சலுகை இல்லை.

ஜூன் மாதம் அணை திறந்து ஆற்றில் நீர் வரும்போது, மலையில் நாம் எப்படி நடந்துகொண்டோம் என்பதை நினைத்து வெட்கப்பட நேராத பயணமாக இக்கோடைப் பயணம் அமையட்டும். வல்ல ரஹ்மான் நம் பயணங்களை இபாதத்தாக ஆக்கி அருள்வானாக. ஆமீன்.