விதை உறையில் எழுத வேண்டியது

உங்களில் சிலர் தபால்தலை சேகரிப்பீர்கள். கையில் இரண்டாக இருப்பதைக் கொடுத்து, இல்லாத ஒன்றை நண்பனிடம் வாங்கிக்கொள்வீர்கள். உலகத்துத் தாவரவியல் பூங்காக்களுக்கும் இந்தப் பழக்கம் உண்டு. அவை மாற்றிக்கொள்வது விதைகளை.

பூங்கா ஒன்று தன்னிடம் உள்ள விதைகளின் பட்டியலை ஆண்டுதோறும் வெளியிடும். 'இண்டெக்ஸ் செமினம்' என்பது அதன் லத்தீன் பெயர். மற்றப் பூங்காக்கள் வேண்டியவற்றைக் குறித்து அனுப்பினால், சிறு காகித உறைகளில் விதைகள் அஞ்சலில் வந்து சேரும். விலை கிடையாது. லண்டனின் செல்சீ மருந்துச்செடித் தோட்டமும் ஹாலந்தின் லெய்டன் பூங்காவும் 1683-லேயே இவ்வாறு கொடுத்து வாங்கத் தொடங்கிவிட்டன.

இப்போது இந்தப் பரிமாற்றம் தேவைதானா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தேவை என்பதே என் கருத்து. ஆனால் மறுப்பவர்களின் வாதத்தையும் கேளுங்கள். அது எளிதில் தள்ளிவிடக் கூடியதன்று.

1876-இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். ரப்பர் விதை உலர்ந்தால் உயிரிழந்துவிடும். நெல்லைப்போல் மூட்டை கட்டி வைக்க முடியாது. அதனால் முளைத்தவை 3,000-க்கும் குறைவு. அந்த நாற்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்குப் போயிற்று. அடுத்த ஆண்டு 22 நாற்றுகள் சிங்கப்பூர் சேர்ந்தன. நாற்பது ஆண்டுகளுக்குள் ஆசியத் தோட்டங்களின் ரப்பர் அமேசான் காட்டு ரப்பரைச் சந்தையில் வீழ்த்திவிட்டது. விதை தந்த பிரேசிலுக்கு என்ன கிடைத்தது? நீங்களே சொல்லுங்கள். அது பரிமாற்றமே அன்று, ஒருவழிப் பாதை.

இன்னொரு குறையும் உண்டு. முதுமலைக் காட்டை அடைத்து நிற்கும் உண்ணிச்செடி, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு அழகுச்செடியாக வந்ததுதான்!

இவ்வளவுக்குப் பிறகும் நான் ஏன் பரிமாற்றத்தை ஆதரிக்கிறேன்? பசிபிக் பெருங்கடலில் உள்ள ஈஸ்டர் தீவைப் பாருங்கள். அங்கு மட்டுமே வளர்ந்த டொரோமிரோ என்னும் சிறு மரம் வெட்டப்பட்டும் ஆடுமாடுகளால் மேயப்பட்டும் அருகி, ஓர் எரிமலை வாயின் சரிவில் ஒற்றை மரமாக எஞ்சியது. 1955-56-இல் அங்கு ஆய்வு நடத்திய நார்வேக்காரர் தோர் ஹெயர்டால் அதன் விதைகளை எடுத்துச் சென்றார். ஸ்வீடனின் கோதன்பர்க் தாவரவியல் பூங்காவில் அவை முளைத்தன. 1960 அளவில் தீவிலிருந்த அந்த மரமும் மறைந்தது. பிற்பாடு கோதன்பர்க் கன்றுகள் பல பூங்காக்களுக்கும், தாய்மண்ணுக்குமே போயின. தீவில் நட்டவற்றில் பல பிழைக்கவில்லை என்பது வருத்தம்தான். ஆனாலும் மீண்டும் முயன்று பார்க்கக் கன்று இருக்கிறதல்லவா? ஒரே பூங்காவில் பூட்டி வைத்திருந்தால் ஒரு கடுங்குளிர் போதும்.

2010-இல் உருவாகி 2014-இல் நடைமுறைக்கு வந்த நகோயா ஒப்பந்தம், ஒரு நாட்டின் தாவரத்தைப் பயன்படுத்த அந்த நாட்டின் இசைவு வேண்டும், ஆதாயத்தில் பங்கு தர வேண்டும் என்கிறது. நியாயமான விதி. விக்காம் காலத்தில் இது இருந்திருக்க வேண்டும். ஆனால் ஆதாயமே தேடாத ஒரு பூங்கா, பத்து விதைக்காகப் பத்துப் படிவம் நிரப்ப நேர்ந்தால் பேசாமல் இருந்துவிடும். இதற்கு ஜெர்மானியப் பூங்காக்கள் ஒரு வழி கண்டன. ஒவ்வொரு செடிக்கும் ஓர் எண். அது எந்த நாட்டுச் செடி, கட்டுப்பாடு உண்டா, முதலில் பெற்ற பூங்கா எது, அங்கே அதன் பதிவு எண் என்ன என்று நான்கு செய்திகள் அதில் அடங்கும். செடி எங்கு போனாலும், அதன் பிள்ளைக்கும் பேரனுக்கும், அந்த எண் மாறாது. வணிகத்துக்குத் தருவதில்லை என்பது உடன்பாடு. இதில் சேராத பூங்காக்கள் இன்னும் ஏராளம். அவையும் சேர வேண்டும் என்பேன்.

பூங்காக்களிடமும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. காட்டில் சேகரித்த விதையா, பூங்காப் பாத்தியில் பறித்ததா என்று சில பட்டியல்கள் தெளிவாகச் சொல்வதில்லை. பாத்தியில் நெருங்கிய இனங்கள் இரண்டு அருகருகே நிற்கும். தேனீ பெயர்ப்பலகையைப் படித்துவிட்டா பூவில் உட்காருகிறது? அந்த விதை கலப்பினமாகிவிடும். உறையிலோ தூய இனத்தின் பெயர் இருக்கும். அருகிய செடியைக் காட்டுக்குத் திருப்ப நினைப்பவருக்கு அத்தகைய விதை உதவாது. பறித்த இடம், நாள், தாய்ச்செடிகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் உறையின் மேல் எழுத ஒரு பென்சில் போதும்.