முகிலுக்கு வரி கட்டும் கமக்காரர்



ஆலங்கட்டி மழை என்றால் எங்கள் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். எப்போதாவது ஒரு தடவை விழும். முற்றத்தில் ஓடியோடிப் பொறுக்கி வாயில் போடுவார்கள். அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்துக் கமக்காரருக்கு அது விளையாட்டல்ல. விளைந்து நிற்கும் கோதுமையைச் சில நிமிடங்களில் அடித்து மண்ணோடு சேர்த்துவிடும். வயல் கண்முன்னே இருக்கும், அறுவடை இருக்காது. அறுவடைக்கு நின்ற நெல்லை அப்படியே விட்டுவிட்டு எழும்பி ஓடிய எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அந்த மாநிலத்தின் மேற்குப் பகுதியில் மழையும் குறைவு. எனவே முகிலைத் துரத்தவும் முடியாது. மழை வேண்டும், கல் வேண்டாம். 1950களிலேயே கமக்காரர் சிலர் ஒன்றுசேர்ந்து இதற்கான முயற்சியைத் தொடங்கினார்கள். பின்னர் அது மாநில அரசும் பங்கெடுக்கும் திட்டமாக வளர்ந்தது. கோடையில் இடிமுகில் திரளும்போது சிறிய விமானங்கள் சென்று வெள்ளி அயடைட்டுப் புகையை அதற்குள் விடும்.

அது செய்யும் வேலை இதுதான். இடிமுகிலின் உயரத்தில் கடுங்குளிரிலும் உறையாத நீர்த்துளிகள் உண்டு. பனிக்கரு சிலவே இருந்தால் அவை அந்த நீரையெல்லாம் சேர்த்துப் பெருங்கல்லாகிவிடும். புகைத்துகள்கள் கருக்களைப் பெருக்கிவிடுகின்றன. முகாமில் ஒரு கிடாரம் சோற்றை நாலு பேருக்கும் கொடுத்திருக்கிறோம், நானூறு பேருக்கும் பகிர்ந்திருக்கிறோம் அல்லவா? அதேபோலத்தான். பங்கு சிறுத்தால் கல்லும் சிறுக்கும். விழும் வழியிலேயே உருகி மழைநீராகும்.

என்னை யோசிக்க வைத்தது விமானமல்ல, காசு. செலவில் பெரும்பங்கு கவுண்டி எனப்படும் உள்ளூர் ஆட்சிப் பிரிவுகளின் வரியிலிருந்து போனது. வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் உரிமையும் அங்குள்ளவர்களிடமே இருந்தது. ஆதரிப்போரின் கணக்கு எளிது: ஒரு நாள் கல்மழையில் போகும் விளைச்சலோடு பார்த்தால் ஆண்டு வரி சொற்பம். காப்புறுதி இருக்கிறதே என்று கேட்கலாம். நட்டஈடு வாங்குவதற்கும் நெல்லை வீட்டுக்குக் கொண்டுவருவதற்கும் உள்ள வித்தியாசம் எங்களுக்குத் தெரியாதா?

எதிர்ப்போரும் கமக்காரரே. விமானம் வந்துதான் எங்கள் மழை கலைந்தது என்பது அவர்களுடைய முறைப்பாடு. அவர்களை அறியாதவர்கள் என்று தள்ளிவிட என்னால் முடியாது. வரண்ட ஆண்டில் தலைக்கு மேல் முகில் கலைவதைப் பார்த்து நிற்பவருக்கு யார்மீதாவது கோபம் வரும்தானே. சில கவுண்டிகள் விலகியும் இருக்கின்றன.

அப்படியானால் பலன் உண்டா? 1976 முதல் 1988 வரையான பயிர்க் காப்புறுதிக் கணக்குகளை அயற்பகுதியோடு ஒப்பிட்டவர்கள், கல்மழை நட்டம் சுமார் 45 வீதம் குறைந்ததாக 1997இல் எழுதினார்கள். ஆனால் 2003இல் அமெரிக்கத் தேசிய ஆய்வு மன்றம், இத்தகைய முயற்சிகளுக்கு ஐயத்துக்கு இடமில்லாத விஞ்ஞான நிரூபணம் இன்னும் இல்லை என்று அறிக்கை வெளியிட்டது. ஒரு முகில் புகையில்லாமல் என்ன செய்திருக்கும் என்று எவரால் காட்ட முடியும்?

அந்த அறிக்கைக்குப் பிறகும் மேற்கு டகோட்டாக் கமக்காரர் வரியைக் கட்டினார்கள். அடுத்த கோடையிலும் விமானங்கள் எழும்பின.